மேக் சாரைப் பார்க்க வந்தவன்

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுகிற அண்ணி பழவேற்காட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் மாஹிராவின் பொறுமை, அடக்கம் என்றெல்லாம் இதில் எதுவும் வராது. தன் மேல் பழி போட்டவனை அவள் எப்படி வெச்சு வாங்கினாள் என்பதுதான் வரும். அதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

மாஹிரா என் வீட்டுக்காரர் ரஷீத்தின் தங்கை. மாமனார் அப்துல் கனிக்கு பஜாரில் எறா, கருவாடு மொத்த வியாபாரம். மாஹிரா கம்ப்யூட்டரில் டிகிரி முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் ஒரு வேலை கிடைத்தது. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று சொந்தத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமனார் மட்டும், "போய்ட்டு வரட்டும், எம்பொண்ணு மேல எனக்கு நம்பிக்க கீது" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவள் அத்தாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் அத்தாவுக்குத்தான் எல்லாக் கதையும் நடக்கும், எங்களுக்கெல்லாம் மிச்சம்தான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் தணிகாசலம் என்பவர் நடத்திய சின்ன ஆபீஸ் அது. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு 'வாசல்' என்ற ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள். கேட்டில் எந்த லாரி உள்ளே போனது, யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிகிற ஏற்பாடு. 'வாசல்' யாருக்கும் சொந்தமில்லை. எங்கோ போலந்தில் ஒருவர் ஆரம்பித்தாராம், அவர் வைத்த பெயருக்கு இங்கே சொல்கிற தமிழ்தான் 'வாசல்'. அதன் உள்வேலை முழுவதும் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார், இல்லையென்றால் தள்ளுவார்.

அதில் மாஹிரா எடுத்துக்கொண்டது ஸ்டைல்ஷீட். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கோப்பு, அது கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொரு கோப்பு. இந்த இரண்டாவதுதான் ஸ்டைல்ஷீட். எழுத்தின் அளவு, நிறம், எது இடது, எது வலது எல்லாம் அதில் இருக்கும். 'வாசல்' பழைய காலத்தில் எழுதியது என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம், ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக நிறம். "அண்ணி, ஒண்ணுக்கு 'இடதுபக்கச் சிவப்பு'ன்னு பேரு வெச்சிருக்காங்க. போய்ப் பாத்தா அது வலது பக்கம் கீது, நீலமா கீது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குப்பையை எல்லாம் வாரி, கட்டங்களைப் பிரித்து, நிறமும் அளவும் ஒரே கோப்பில் வருகிற மாதிரி மாதக்கணக்கில் உட்கார்ந்து புதிதாக்கினாள்.

ஆபீஸில் அவளுக்கு மேலே இருந்தவன் பூவராகவன். பெரியபாளையம் பக்கம் நெல்வயல் உள்ள குடும்பம். வரப்பில் நின்று ஆள் ஏவுகிற பழக்கத்தை அப்படியே ஆபீஸுக்கும் கொண்டுவந்திருந்தான். மாஹிராவின் வேலைக்கு அவன் வைத்த பெயர், "கோலம் போடுற வேல". கோலம் இல்லாவிட்டால் வீடு இடிந்தா விழும் என்று எல்லோர் எதிரிலும் கேட்பானாம்.

ஒரு வார்ப்பட ஆலைக்கு 'வாசலை'க் காட்ட வேண்டிய நாள் வந்தது. 2006, ஆடி மாதம். தணிகாசலம், பூவராகவன், மாஹிரா மூன்று பேரும் ஆலைக்குப் போனார்கள். ஆலையின் பெரிய கம்ப்யூட்டரில் பூவராகவன்தான் எல்லாவற்றையும் ஏற்றினான். பக்கங்களை ஏற்றியவன் ஸ்டைல்ஷீட்டை ஏற்றவில்லை. கோலம்தானே என்று விட்டானோ, மறந்தானோ, தெரியாது. அவனுடைய கம்ப்யூட்டர் முன்பு திறந்த ஸ்டைல்ஷீட்டை நினைவில் வைத்திருந்ததால் அவனுக்கு மட்டும் எல்லாம் அழகாகத் தெரிந்தது. ஆலைக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் திறந்தபோது வெள்ளைப் பக்கத்தில் எல்லா எழுத்தும் இடது ஓரமாகச் சரிந்து குவிந்து கிடந்தது.

"இன்னாய்யா இது, ஒண்ணுமே புரியல?" என்றார் ஆலை அதிகாரி.

பூவராகவன் யோசிக்கவே இல்லையாம். கையை நீட்டி மாஹிராவைக் காட்டினான். "டிசைன் புல்லா இந்தப் பொண்ணு பண்ணது சார். நான் வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். புதுசு பண்றேன்னு சொல்லி நல்லா இருந்தத கெடுத்து வெச்சிக்கீது."

"சார், ஒரு பைல் ஏத்தல. அவ்ளோதான். நான் இப்பவே ஏத்திர்றேன்" என்று மாஹிரா கம்ப்யூட்டர் பக்கம் போயிருக்கிறாள். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"நீ ஒண்ணியும் தொடாத. கெடுத்தவரிக்கும் போதும்."

தணிகாசலம் ஆலைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மாஹிராவையும் கேட்கச் சொன்னார். செய்யாத தப்புக்கு என் நாத்தனார் அத்தனை ஆண்கள் மத்தியில் நின்று மன்னிப்புக் கேட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? அவள் ரயில் ஏறுவதற்குள் தணிகாசலம் மாமனாருக்கு போன் போட்டு, உங்கள் பெண் பொறுப்பில்லாமல் வேலையைக் கெடுத்துவிட்டது, பெரிய ஆலை கைவிட்டுப் போயிற்று என்று சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மாமனார் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"சரி உடும்மா. தப்பு பண்ணாத ஆளு யாரு? ஊட்லயே இரு."

"நான் பண்ணல அத்தா."

"சரி, சரி."

அந்த "சரி, சரி"தான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அதே "சரி, சரி". பஜாரில் யாராவது கேட்டால், "அதுவே வேணாம்னு நின்னுக்கிச்சி" என்று மாமனார் பேச்சை மாற்றிவிடுவார். பெண்ணின் தப்பை மூடி மறைக்கிற நல்ல தகப்பன் என்று அவருக்கு அவரே நினைப்பு.

மாஹிரா அழவில்லை. கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள். "அவன் வாயாலயே அத்தாகிட்ட சொல்லணும் அண்ணி. நான் பண்ணலன்னு அவனே வந்து சொல்லணும். சொல்ல வெக்கறேன் பாரு." நான் தலையாட்டினேன். கோபத்தில் பேசுகிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறுகிற ஜாதி இல்லை அது.

ரஷீத் பஜாரில் நெட் சென்டர் வைத்திருந்தார். பகலில் நானும் மாஹிராவும் பார்த்துக்கொள்வோம். பரீட்சை ரிசல்ட், பாஸ்போர்ட் விண்ணப்பம், பையன்களின் கேம் என்று ஓடும். கூட்டமில்லாத நேரமெல்லாம் அவள் 'வாசலை' விடவில்லை. தான் புதிதாக்கிய ஸ்டைல்ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுவில் அனுப்பினாள். பெயர் போட வேண்டிய இடத்தில் எம்.ஏ.ஜி. என்று மட்டும் போட்டாள். மாஹிரா அப்துல் கனி. பொம்பளைப் பெயரைப் பார்த்தால் அங்கேயும் கோலம் என்பார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். போட்டதும் எல்லோரும் அதைச் சேர்த்துப் படித்து 'மேக் சார்' என்று எழுத ஆரம்பித்தார்கள். மூன்று எழுத்துக்கு மீசை முளைத்த கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளும் திருத்தவில்லை. 2008இல் போலந்துக்காரர், இனி ஸ்டைல்ஷீட் பகுதி முழுவதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது மாஹிராவின் கைக்கு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, வந்துட்டான்."

திரையில் பூவராகவனின் கடிதம். கேட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்தின் மேல்சுழியெல்லாம் வெட்டுப்பட்டுத் தெரிகிறதாம். அதைச் சரிசெய்து ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். பொதுப் பதிப்பில் அது சேர்ந்தால்தான் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஆலைகளில் திரும்பத் திரும்பச் செய்யாமல் தப்பிக்கலாம். "மதிப்பிற்குரிய மேக் சார்" என்று ஆரம்பித்து, "தங்கள் பணிவுள்ள" என்று முடித்திருந்தான். இங்கிலீஷில்தான். மாஹிரா எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். பணிவுள்ள என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"தள்ளிடு" என்றேன்.

"தள்ளுனா போய்டுவான் அண்ணி. போக உடக் கூடாது."

அவன் அனுப்பியதை முழுவதும் படித்தாள். ஏகப்பட்ட பிழை. ஸ்டைல்ஷீட்டில், வேறு எது என்ன சொன்னாலும் நான் சொல்வதுதான் சட்டம் என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு வார்த்தை உண்டாம். வேறு வழியே இல்லாத இடத்தில் போடுவது. பூவராகவன் அதை எல்லா வரியிலும் போட்டிருந்தான். ஆபீஸில் இருந்த மாதிரியேதான் எழுத்திலும் இருந்தான். எல்லாப் பிழையும் முதல் வாசிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் எழுதினாள். இதைத் திருத்தி அனுப்பவும், எம்.ஏ.ஜி.

அவன் திருத்தி அனுப்பினான். அடுத்த பிழையைச் சொன்னாள். அதையும் திருத்தினான். அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் உண்மையான பிழை. பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை, அதில் மட்டும் அவள் கறார். ஒன்றாகச் சொன்னால் ஒரே நாளில் முடிகிற வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தாள். அப்போது தினம் கரண்ட் கட் வேறு. அவன் அவசரம் என்று எழுதினால், "மின்வெட்டு, பொறுத்திருக்கவும்" என்று பதில் போடுவாள். நோன்பு மாதத்தில் காலையில் சென்டர் திறந்ததும், "இன்னிக்கி பூவராகவனுக்கு இன்னா போடப் போற?" என்றுதான் நான் கேட்பேன். நோன்பு வைத்த வாயோடு பேசுகிற பேச்சா என்று ரஷீத் திட்டுவார். அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த வருஷம் நோன்பு எனக்குக் களைப்பாகவே தெரியவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது, நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு வேலை பிடிபட ஆரம்பித்தது. சொன்ன பிழையை மட்டும் திருத்தியவன், அதே மாதிரி வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். சட்டம் போடுகிற வார்த்தையை ஒவ்வொரு வரியாக எடுத்தான். தீபாவளி கழிந்து அவன் அனுப்பியதை மாஹிரா மேலும் கீழுமாகப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஒண்ணுமே இல்ல அண்ணி. சுத்தமா கீது."

"எதனா ஒண்ணு சொல்லேன்."

"இல்லாததச் சொன்னா நானும் அவன மாரி ஆய்டுவேன்."

ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பழிவாங்குகிறேன் என்று உட்கார்ந்து அந்தத் தடியனுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தியிருக்கிறோம்!

அடுத்த வாரமே நன்றி சொல்லி நீளமாக ஒரு கடிதம். பெங்களூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறதாம். 'வாசலில்' வேலை பார்த்த ஒருவர் இவனைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். மேக் சார் எழுதினால் வேலை உறுதியாம். நேரில் வந்து ஆசி வாங்க விரும்புகிறானாம். கடைசியில் ஒரு வரி: "இரண்டு வருடம் முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் ஸ்டைல்ஷீட் முழுவதையும் பாழாக்கிவிட்டாள், அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது."

படித்து முடித்ததும் மாஹிரா அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். கேட்க ஆள் இல்லாத இடத்தில்கூட அந்தப் பொய்யை அவன் விடவில்லை. அவளுக்கே அப்போது சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தது. அத்தா நம்பாத வரைக்கும் எந்த மூஞ்சியோடு போய் அனுமதி கேட்பது என்று பதிலே போடாமல் வைத்திருந்தாள். இப்போது பூவராகவனுக்குப் பதில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரவும். பழவேற்காடு பஜார், ரஷீத் நெட் சென்டர்.

பழவேற்காடு என்றதும் அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. விரட்டிவிட்ட பெண் விரட்டிய இடத்திலேயே முடிந்துபோனாள் என்பது அவன் எண்ணம்.

பைக்கில் வந்தான். கையில் ஆப்பிள், ஒரு ஸ்வீட் டப்பா.

"மேடம், மேக் சாரு கீறாரா?"

"கீறாரு, வேலயா கீறாரு. உக்காருங்க சார்."

கரண்ட் இல்லாத நேரம். காற்றே வராத மூலை நாற்காலியைக் காட்டினேன். வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தான். "சாரு ரிட்டயர்டு ஆளா மேடம்? ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. என்னிய பேஜாரு பண்ணிட்டாரு. ஆனா அவராலதான் நான் வேலயே கத்துக்கினேன்" என்றான்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து மாஹிரா வந்தாள். "சொல்லுங்க சார்."

எழுந்தான். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

"எம்.ஏ.ஜி. மாஹிரா அப்துல் கனி" என்றாள் அவள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்வீட் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். அந்தக் காட்சியை இன்றைக்கும் நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

"அது... அன்னிக்கி சூழ்நில அப்படிம்மா. உண்மயச் சொல்லியிருந்தா தணிகாசலம் சாரு என்னிய தூக்கியிருப்பாரு."

"அதுக்கு என்னத் தூக்குனா பரவால்லியா சார்?"

அவன் டப்பாவை மேஜை மேல் வைத்தான்.

"போன வாரம்கூட அந்தப் பொண்ணு பாழாக்கிட்டான்னு எழுதினீங்களே. அது இன்னா சூழ்நில?"

"இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"எங்கத்தா கடைல கீறாரு. வந்து அன்னிக்கி நடந்தத நடந்த மாரி சொல்லுங்க."

"சொன்னா லெட்டர் எழுதுவியா?"

"எழுதுவேன். உண்மய எழுதுவேன்."

சென்டரை ரஷீத்திடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். இதைப் பார்க்காமல் விடுவேனா? கடையில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் நின்றிருந்தார்கள். பூவராகவன் எல்லார் எதிரிலும் சொன்னான். கோப்பை ஏற்றாமல் விட்டது தான் என்றான். சரிசெய்ய வந்தவளைத் தடுத்ததும் தான் என்றான். குரல் உள்ளே உள்ளே போயிற்று, ஆனாலும் சொல்லி முடித்தான். இரண்டு வருஷமாக மாஹிரா கேட்டது அவ்வளவுதான். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மாமனார் துள்ளி எழுந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! கேட்டீங்களா பாய்? எம்பொண்ணு மேல தப்பே இல்லியாம்!" என்று பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். பூவராகவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தன் நாற்காலியில் உட்கார வைத்தார். டீ சொன்னார். "தப்ப ஒத்துக்கினு தேடி வந்து சொல்றாரு பாருங்க. எவ்ளோ பெரிய மனசு இந்தத் தம்பிக்கி!"

நான் மாஹிராவைப் பார்த்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அத்தா, இதே வார்த்தயத்தான நான் அன்னிக்கே சொன்னேன்?"

"ஆமாம்மா. இப்பதான் தெரிஞ்சிப்போச்சே."

"நான் மூணு தபா சொன்னேன், நீங்க நம்பல. எம்மேல பழி போட்டவன் வந்து ஒரு தபா சொன்னான், நம்பிட்டீங்க."

மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். டீ வந்தது. நாற்காலியில் இருந்தவன் அதை வாங்கிக் குடித்தான்.

சென்டருக்குத் திரும்பியதும் கடிதத்தை எழுதினாள். அவன் இப்போது செய்கிற வேலை நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். தப்பு நடந்தால் பக்கத்தில் நிற்கிறவர் மேல் போடுவான், போட்டது என் மேல்தான் என்றும் எழுதி, கீழே முழுப் பெயரைப் போட்டாள். பெங்களூர்க் கம்பெனி அவனை எடுத்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். அதை அனுப்பிய கையோடு இன்னொரு கடிதமும் எழுதினாள்.

மறுநாள் காலை மாமனார் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். பெரிய தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார். "மாஹிரா, இனிமே நீ வேலைக்கிப் போறதுன்னா போம்மா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"சென்னைல ஒரு கம்பெனி கூப்டுச்சி. வரேன்னு நேத்தே எழுதிட்டேன் அத்தா. ஒண்ணாம் தேதி போறேன்."

"என்னிய ஒரு வார்த்த கேக்கலியேம்மா?"

"நம்பாதவங்ககிட்ட எதுக்கு அத்தா கேக்கணும்?"

அவர் கையில் பிட்ட இட்லி அப்படியே நின்றது. இரண்டு வருஷமாகப் பூவராகவன் மேல் இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்தாலும் அந்தக் குரலுக்கு ஈடாகாது. நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினேன்.